புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம்? சுனில் பத்ரா வழக்கும் சிறைக் கண்காணிப்பும்

1979ஆம் ஆண்டு தில்லி திகார் சிறையிலிருந்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சுனில் பத்ரா, மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த கைதி. அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை. அதே சிறையில் இருந்த இன்னொரு கைதியைத் தலைமை வார்டர் ஒருவர் கொடுமைப்படுத்திவிட்டார், பார்க்க வரும் உறவினர்களிடமிருந்து பணம் கறப்பதற்காகவே இது நடந்தது என்பதுதான் கடிதத்தின் சாரம்.

நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது. 1979 டிசம்பர் 20 அன்று தீர்ப்பு வந்தது. ஒரு கடிதம்கூட மனுவாகலாம் என்பதற்கு உதாரணமாகத்தான் இந்த வழக்கைப் பெரும்பாலும் சொல்வார்கள். அது முக்கியம்தான். ஆனால் நான் இங்கே பார்க்க நினைப்பது வேறு. மூடிய சுவருக்குள் நடந்த ஒரு குற்றம் வெளியே தெரிய என்னென்ன தேவைப்பட்டது? அவற்றில் எவை ஏற்பாடாக இருந்தன, எவை தற்செயலாக அமைந்தன? 45 ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் கேள்விக்கு நம்மிடம் திருப்தியான பதில் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன

1979 ஆகஸ்ட் 26 வாக்கில் அந்தக் கைதியின் ஆசனவாயில் தடியைச் செருகியதில் அவருக்குக் கடுமையான காயம் ஏற்பட்டது. முதலில் சிறை மருத்துவமனைக்கும் பிறகு வெளியே இர்வின் மருத்துவமனைக்கும் கொண்டுபோனார்கள். வார்டர் கேட்ட பணம் கிடைக்காததால் இப்படிச் செய்தார் என்றார் கைதி. சிறைத் தரப்பிலிருந்து வந்த விளக்கங்கள் மூன்று: கீழே விழுந்ததில் பட்ட காயமாக இருக்கலாம், தானே ஏற்படுத்திக்கொண்டதாக இருக்கலாம், மூல நோயாகவும் இருக்கலாம்.

இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தாலே விஷயம் புரியும். காரணம் உண்மையிலேயே தெரிந்திருந்தால் ஒரே விளக்கம்தான் வந்திருக்கும். கைதியை மிரட்டியும் சிறை மருத்துவரை நெருக்கியும் விஷயத்தை அமுக்கப் பார்த்தார்கள் என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

மருத்துவரை ஏன் நெருக்க முடிந்தது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். அன்று நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம். அதன் 13ஆவது பிரிவு, சிறையின் சுகாதார நிர்வாகத்தை மருத்துவ அதிகாரியிடம் ஒப்படைக்கிறது; ஆனால் கண்காணிப்பாளரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. ஆக, காயத்தைப் பார்த்து எழுத வேண்டியவர், காயம் நடந்த இடத்துக்குப் பொறுப்பானவரின் கீழ் வேலை செய்கிறார். சிறையில் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும். சாட்சிகளான மற்ற கைதிகள் எந்தப் பிளாக்கில் இருப்பது என்று முடிவு செய்பவர் கண்காணிப்பாளர். பதிவேடுகள் அவர் அலுவலகத்தில். வெளியே போகும் தபால் அவர் மேசை வழியாகத்தான் போகும். புகார் சொன்னவர் இரவில் எங்கே தூங்குவது என்பதும் அவர் கையில். வெளியுலகில் ஒரு குற்றம் நடந்தால் இவை வெவ்வேறு கைகளில் இருக்கும். சிறையில் எல்லாம் ஒரே கையில் வந்து சேர்கின்றன. அந்தக் கை நேர்மையானதாக இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

ஒரு வருடம் முன்பே ஒரு தீர்ப்பு இருந்தது

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே சுனில் பத்ரா, இதே திகார் சிறை தொடர்பாக, 1978 ஆகஸ்ட் 30 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்விடமிருந்து ஒரு தீர்ப்பு வாங்கியிருந்தார். மரண தண்டனைக் கைதியைத் தனிமைச் சிறையில் அடைக்கச் சட்டத்தின் 30ஆவது பிரிவு அனுமதி தருவதில்லை, மேல்முறையீடும் கருணை மனுவும் முடிந்து தண்டனை உறுதியாகும்வரை அவரை அந்தப் பிரிவின்கீழ் வரும் கைதியாகவே கருதக் கூடாது என்றது நீதிமன்றம். அதனுடன் சேர்ந்து விசாரிக்கப்பட்ட மனு, கால்விலங்குகள் பற்றி அதே சிறையில் இருந்த சார்ல்ஸ் சோப்ராஜ் என்ற கைதி போட்டது. சிறைச் சுவருக்குள் போனாலும் அடிப்படை உரிமைகள் கைதியை விட்டுப் போய்விடுவதில்லை என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகவே சொன்னது.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, அதே வளாகத்தில் தடி. நாட்டின் உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லிப் பேசிய சிறையிலேயே இது நடந்தது. அப்படியென்றால் நல்ல விதி இருப்பது ஒன்று, அந்த விதி நடக்கிறதா என்று பார்க்க ஆள் இருப்பது வேறொன்று.

பார்க்க ஆளே இல்லையா என்றால், காகிதத்தில் இருந்தார்கள். 1894 சட்டத்தின் 59ஆவது பிரிவு, சிறைப் பார்வையாளர்களை நியமிப்பதற்கும் அவர்களுக்கு வழிகாட்டுவதற்கும் விதிகள் வகுக்க இடம் தருகிறது. அதன்படி மாகாணங்கள் வகுத்த சிறைக் கையேடுகளில் அமர்வு நீதிபதி, மாவட்ட மாஜிஸ்திரேட் போன்ற அலுவல் சார்ந்த பார்வையாளர்களும், பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் அலுவல் சாரா பார்வையாளர்களும் உண்டு. ஆனால் இந்தக் குற்றம் உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியவந்தது அவர்கள் மூலமாக இல்லை. தூக்குக்குக் காத்திருந்த ஒரு கைதியின் கடிதத்தால்.

இரண்டு வழக்கறிஞர்கள் உள்ளே போனார்கள்

கடிதம் போய்ச் சேர்ந்தது நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரிடம். இவர் 1948இல் ஒரு மாதம் போலச் சிறையில் இருந்தவர். 1957இல் கேரளத்தில் அமைந்த அரசில் சிறைத் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. உள்ளே இருப்பது எப்படி என்றும், உள்ளே இருப்பவர்களை நிர்வகிப்பது எப்படி என்றும் தெரிந்த ஒருவர் கையில் அந்தக் கடிதம் போனது பெரிய தற்செயல். வேறொருவர் மேசையில் அது வெறும் தபாலாகக் கிடந்திருக்கலாம்.

நீதிமன்றம் அடுத்துச் செய்ததுதான் இந்த வழக்கின் உயிர்நாடி என்று நினைக்கிறேன். நீதிமன்றத்துக்கு உதவுவதற்காக ஒய். எஸ். சித்தலே, முகுல் முத்கல் என்ற இரண்டு வழக்கறிஞர்களை நியமித்தது. சிறைக்குள் போகலாம், கைதியைச் சந்திக்கலாம், தொடர்புள்ள ஆவணங்களைப் பார்க்கலாம், தேவையான சாட்சிகளிடம் பேசலாம் என்று அவர்களுக்கு அதிகாரம் தந்தது. அவர்கள் போனார்கள், பேசினார்கள், படித்தார்கள், அறிக்கை கொடுத்தார்கள். மூல நோய்க் கதை அதன் பிறகு எடுபடவில்லை.

2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளை எடுத்து, 84ஆவது விதியைப் பாருங்கள். சிறை ஆய்வாளர்களுக்கு இருக்க வேண்டிய அதிகாரங்களாக அது சொல்பவை: பதிவேடுகள் உட்பட எல்லாத் தகவலையும் பார்ப்பது, எந்தச் சிறைக்குப் போவது யாரிடம் பேசுவது என்பதைத் தாமே தேர்ந்தெடுப்பது, முன்னறிவிப்பு இல்லாமல் போவது, கைதிகளிடமும் ஊழியர்களிடமும் தனியாக, ரகசியம் காத்துப் பேசுவது, பரிந்துரை செய்வது. அதற்கு முந்தைய 83ஆவது விதி, சிறைத் துறை தானே செய்யும் உள் ஆய்வு ஒன்றும் துறைக்கு வெளியே உள்ள சுதந்திரமான அமைப்பின் ஆய்வு ஒன்றுமாக இரண்டும் வேண்டும் என்கிறது. இந்த அதிகாரங்களில் பெரும்பகுதியை 1979இல் ஒரு நீதிமன்ற ஆணை இரண்டு வழக்கறிஞர்களுக்கு ஒரே ஒரு வழக்குக்காகக் கொடுத்தது. அந்த வழக்கு முடிந்ததும் அதிகாரமும் முடிந்துவிட்டது.

தீர்ப்பு சொன்னது

கைதி சட்டவிரோதமாகச் சித்திரவதை செய்யப்பட்டார் என்று நீதிமன்றம் முடிவுக்கு வந்தது. குற்றவியல் வழக்கு வரவிருந்ததால் முதன்மைக் குற்றவாளி யார் என்று அது தீர்மானிக்கவில்லை. ஆனால் கண்காணிப்பாளரை விட்டுவிடவில்லை. அவர் நேரடியாகப் பங்கெடுக்காமல் இருந்திருக்கலாம், இருந்தாலும் விழிப்பாக இல்லாததும் ஓரளவு குற்றமே என்றது. விசாரணையை இழுத்தடித்து உடந்தையாக நடந்துகொண்ட போலீசார் மீதும் அரசு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அடித்தவரோடு பொறுப்பு முடிந்துபோகாமல் மேலே போனது, பக்கவாட்டிலும் போனது. பொறுப்புக்கூறல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

அப்புறம் பொதுவான உத்தரவுகள். மாவட்ட மாஜிஸ்திரேட், அமர்வு நீதிபதி, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் ஆகியோர் நியமிக்கும் வழக்கறிஞர்கள் கைதிகளைச் சந்தித்து ரகசியமாகப் பேச வசதி செய்து தர வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட்டும் அமர்வு நீதிபதியும் நேரிலோ தம் சார்பில் ஒருவரை அனுப்பியோ சிறைக்குப் போய்க் குறைகளைக் கேட்க வேண்டும், விரைவாக விசாரித்துத் தீர்வு காண வேண்டும். தனிமை அறை, தண்டனைக் கொட்டடி, கடும் உழைப்பு, தண்டனையாக உணவை மாற்றுவது, தண்டனை நோக்கத்தோடு வேறு சிறைக்கு மாற்றுவது எதையும் அமர்வு நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது. அவசரத்தில் முன்கூட்டியே சொல்ல முடியாவிட்டால் இரண்டு நாளுக்குள் அவருக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

பிறகு, புகார்ப் பெட்டி. மூன்று மாதத்துக்குள் சிறைகளில் புகார்ப் பெட்டிகள் வைக்க வேண்டும். அவற்றைப் பராமரிப்பது மாவட்ட மாஜிஸ்திரேட், அமர்வு நீதிபதி ஆகியோரின் பொறுப்பில், அல்லது அவர்களின் உத்தரவின்படி இருக்க வேண்டும். இந்த வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் தீர்ப்பின் முழு அறிவும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. பெட்டி சிறைக்குள், சாவி சிறைக்கு வெளியே. வார்டரைப் பற்றி எழுதும் கைதி, அந்தக் காகிதத்தை வார்டரின் மேலதிகாரி முதலில் படிப்பார் என்று தெரிந்தால் எழுதுவாரா? சாவி வேறொருவர் கைக்குப் போகும்போதுதான் அது புகார்ப் பெட்டியாகிறது.

பரிந்துரைகளும் பெட்டிகளும்

இதற்குப் பிறகு பல நல்ல ஆவணங்கள் வந்தன. நீதிபதி ஏ. என். முல்லா தலைமையிலான சிறைச் சீர்திருத்தக் குழு 1980இல் அமைக்கப்பட்டு 1983இல் அறிக்கை தந்தது. 1993இல் தேசிய மனித உரிமைகள் ஆணையம் உருவானது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, காவலில் நிகழும் எந்த மரணத்தையும் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆணையம் சிறைக்குப் போகும்போது மாநில அரசுக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டத்தில் இருந்த நிபந்தனை 2006 திருத்தத்தில்தான் நீங்கியது. காவல் மரணங்களை நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்ற திருத்தமும் அதே ஆண்டு நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொன்றும் ஒரு அடி முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வரிசையைப் படிக்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. இவற்றில் பல, மரணம் நிகழ்ந்த பிறகு வேலை செய்பவை. உயிரோடு இருக்கும் கைதி, நாளை தனக்கு என்ன நடக்கும் என்று பயப்படும் கைதி, யாரிடம் சொல்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

2013இல் மறுபடியும் ஒரு கடிதம். இந்த முறை எழுதியவர் முன்னாள் தலைமை நீதிபதி ஆர். சி. லகோட்டி. நாட்டின் 1,382 சிறைகளின் நிலை மனிதத்தன்மையற்றது என்று அவர் எழுதியதை உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்காக எடுத்தது. 2017 செப்டம்பரில் வந்த தீர்ப்பு, சிறைகளில் நடந்த இயற்கையல்லாத மரணங்கள் பற்றி உயர் நீதிமன்றங்கள் தாமாக முன்வந்து வழக்குப் பதிய வேண்டும் என்றது; அலுவல் சாரா பார்வையாளர்களையும் உள்ளடக்கிய பார்வையாளர் குழுக்களை மாநிலங்கள் அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. இதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2015இல், காவல் சித்திரவதை பற்றிய டி. கே. பாசு வழக்கிலும் அலுவல் சாரா பார்வையாளர்கள் திடீர் வருகை மேற்கொள்வது பற்றியும், எல்லாச் சிறைகளிலும் கண்காணிப்புக் கேமரா பொருத்துவது பற்றியும் உத்தரவு வந்திருந்தது. 1894 சட்டமே பேசிய பார்வையாளர்களை 120 ஆண்டு கழித்தும் நியமியுங்கள், நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

2022ஆம் ஆண்டின் இந்தியச் சிறைப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இதன் அளவு தெரியும். 4,36,266 பேருக்கான இடத்தில் 5,73,220 பேர். நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அந்த ஆண்டு சிறைகளில் இறந்தவர்கள் 1,995 பேர். அதில் 159 இயற்கையல்லாத மரணம் என்று பதிவாகியிருக்கிறது. அதிலும் 119 தற்கொலை. 1,773 மரணங்கள் இயற்கையானவை என்ற தலைப்பில் வருகின்றன. அந்தத் தலைப்பில்தான் என் கண் நிற்கிறது. சரியான நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பப்படாத நெஞ்சுவலியும் அந்தத் தலைப்பின்கீழ்தான் வரும். எது இயற்கை என்பதை முதலில் எழுதுவது யார்? மறுபடியும், மருத்துவரைக் கண்காணிப்பாளரின் கீழ் வைக்கும் 13ஆவது பிரிவுக்கே வந்து நிற்கிறோம்.

கேமரா பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து இறந்தார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை மாஜிஸ்திரேட், காவல் நிலையக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டார். கேமரா இருந்தது, பதிவு இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, சாட்சியத்தைக் காப்பதற்காக அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் விட வழி செய்தது. அது காவல் நிலையம், சிறை இல்லை என்று சொல்லலாம். ஆனால் பாடம் ஒன்றுதான். பதிவு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உண்மையும். கேமராவுக்கும் சாவி உண்டு.

பார்த்தும் தெரியாதது

பார்வையாளர்களை நியமித்துவிட்டால் போதுமா? 2024 அக்டோபர் 3 அன்று வந்த சுகன்யா சாந்தா வழக்கின் தீர்ப்பு இதற்குப் பதில் சொல்கிறது. பல மாநிலங்களின் சிறைக் கையேடுகளில், துப்புரவு வேலை இன்ன சாதியினருக்கு, சமையல் இன்ன சாதியினருக்கு என்ற விதிகள் அச்சிட்ட எழுத்தில் இருந்தன. சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைப்பது பற்றிப் பேசும்போது நம் பாளையங்கோட்டை மத்திய சிறையும் அந்த வழக்கில் வந்தது. அந்தக் கையேட்டு விதிகள் அரசியல் சாசனத்துக்கு விரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

இந்த விதிகள் ஒளித்து வைக்கப்பட்டவை இல்லை. சிறைக்குள் போன ஒவ்வொரு அதிகாரியும் நீதிபதியும் படித்திருக்கக்கூடிய கையேட்டில் இருந்தவை. ஆனாலும் இதை வெளியே கொண்டுவந்தது, அந்த வழக்கைத் தொடுத்த பத்திரிகையாளர் சுகன்யா சாந்தாவின் புலனாய்வு. சமையற்கூடத்தில் சோற்றை ருசி பார்த்துப் பதிவேட்டில் திருப்தி என்று எழுதிய பார்வையாளருக்கு, அந்தச் சோற்றை யார் சமைக்க அனுமதிக்கப்படுகிறார், யார் அனுமதிக்கப்படுவதில்லை என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தெரியாத கண்காணிப்பு, கண்காணிப்பே இல்லாததைவிட மோசமாகிவிடலாம். எல்லாம் சரி என்ற கையெழுத்து நிர்வாகத்துக்குக் கேடயமாகிவிடும். அந்தத் தீர்ப்பு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் பார்வையாளர் குழுக்களும் சேர்ந்து தொடர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டு ஒப்பீட்டை நீட்ட விரும்பவில்லை, ஒன்று மட்டும். 1990 ஏப்ரலில் மான்செஸ்டரின் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 25 நாள் கலவரம் நடந்தது. அதை விசாரித்த நீதிபதி உல்ஃபின் அறிக்கைக்குப் பின், கைதிகளின் புகாரைக் கேட்கச் சிறைத் துறைக்கு வெளியே ஒரு குறைதீர்ப்பாளர் 1994இல் வந்தார். இங்கிலாந்தில் சிறைகளுக்கென்று தனித் தலைமை ஆய்வாளர் உண்டு. அறிக்கைகள் அப்படியே வெளியாகின்றன. 2017இலிருந்து, ஒரு சிறையின் நிலை மிக மோசமென்று அவர் அவசர அறிவிப்பு கொடுத்தால் அமைச்சர் 28 நாளுக்குள் பகிரங்கமாகப் பதில் சொல்ல வேண்டும். உத்தரவிடும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, அங்கேயும் சிறைகள் நெரிகின்றன. ஆனால் பதில் சொல்லியே ஆக வேண்டும், அதுவும் எல்லோரும் படிக்கும்படி என்ற அந்த ஏற்பாடு நம்மிடம் இல்லை. சிறை இங்கே மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம். ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்திலேயே இதை எழுதிக்கொள்ள முடியும், தில்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பேசியவருக்கு என்ன ஆகிறது

பத்ரா தீர்ப்பின் உத்தரவுகளில் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. சித்திரவதைக்கு ஆளான அந்தக் கைதியின் பெயரைச் சொல்லி, அவர் மீது உடல் தண்டனையோ வன்முறையோ நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி கண்காணிப்பாளருக்கு உத்தரவிட்டது நீதிமன்றம். பழிவாங்கும் எண்ணத்தில் அவருக்கு விலங்கு மாட்டக் கூடாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்த அன்று இரவும் அவர் சிறையில்தான் இருக்கப்போகிறார் என்பதை நீதிபதிகள் மறக்கவில்லை.

புகார் சொன்னவர் பழிவாங்கலுக்கு ஆளாகக் கூடாது என்று மண்டேலா விதிகளின் 57ஆவது விதி சொல்கிறது. 1894 சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1979இல் ஒரே ஒரு மனிதருக்கு, உச்ச நீதிமன்றம்வரை விஷயம் போனதால், அந்தப் பாதுகாப்பு கிடைத்தது.

யாராவது புதிதாக அலுவல் சாரா பார்வையாளராக நியமிக்கப்பட்டு, முதல் நாள் என்ன செய்வது என்று கேட்டால் நான் சமையற்கூடத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். புகார்ப் பெட்டி எங்கே, கடைசியாகத் திறந்தது எப்போது, திறந்தவர் யார் என்று கேளுங்கள். தண்டனை அறைப் பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அமர்வு நீதிபதிக்குப் போன தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். வார்டர் காது படாத தூரத்தில் நின்று பேசுங்கள். பதினைந்து நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி போங்கள். முதல் முறை உங்களிடம் பேசியவரைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், அழைத்தால் நீங்களே அவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். அவர் இருந்த பிளாக் முழுவதும் சுற்றி எல்லோரிடமும் பேசுங்கள். அவர் அங்கே இல்லையென்றால், அந்தப் பிளாக்கிலிருந்து இந்தப் பதினைந்து நாளில் மாற்றப்பட்ட எல்லோருடைய பட்டியலையும், ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட காரணத்தோடு, கேட்டு வாங்குங்கள்.